இரண்டு சந்தனமாரி

நான்தான் பிதுக்கினேன்.
போலீஸ் கேட்கவில்லை. டாக்டர்தான் கேட்டார்,
"யார் அழுத்தினது?" என்று இந்தியில்,
மருந்துப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே,
மணி என்ன என்று கேட்பதுபோல.

ஆன்டாப் ஹில்லில் பத்துக்குப் பத்து அறை.
இரண்டு பாய், ஒரு கண்ணாடி.
மறுநாள் ஜெபக்கனிக்கு அந்தேரியில் இன்டர்வியூ.
மூக்கின் வலப்பக்க மடிப்பில்
உளுந்து அளவு ஒரு கட்டி.
"இத வச்சிக்கிட்டு எப்படிடி போய் நிக்க?"

பார்லரில் தினமும் இருபது முகம் தொடுகிறவள் நான்.
கரும்புள்ளி எடுக்கிற கம்பியைத்
தீக்குச்சிச் சுடரில் காட்டினேன்.
அவ்வளவுதான் சுத்தம் என்று
நளினி பென் சொல்லித் தந்திருந்தாள்.
கொஞ்சம் சீழ். கொஞ்சம் ரத்தம்.
"யம்மா" என்றாள், உடனே சிரித்தாள்.
பவுடர் பூசிவிட்டேன்.
கண்ணாடியைப் பார்த்துப் "பரவால்ல" என்றாள்.

வேலை கிடைத்துவிட்டது.
வியாழன் காய்ச்சல்.
வெள்ளி, தலைக்குள் யாரோ அம்மி கொத்துகிறார்கள் என்றாள்.
சனிக்கிழமை வலது இமை திறக்கவில்லை,
கத்தரிக்காய் நிறம்.
பூச்சிக்கடி என்றார் மருந்துக்கடைக்காரர்.
அம்மை என்று வேப்பிலை கொண்டுவந்தாள் எதிர் அறை முத்துக்கனி.
நான் ஐஸ் வைத்தேன். என் தொழில் புத்தி.
ஞாயிறு, இடது கண்ணும்.

சயானில் முழங்கால் தண்ணீர்.
டாக்ஸிக்காரன் பாதியில் இறக்கிவிட்டான்.
என் தோளில் அவள் முகம் கொதிக்க,
சாக்கடையும் மழையும் ஒன்றாகிப்போன தெருவில்
ஆஸ்பத்திரி வரை நடந்தோம்.

டாக்டர் கெல்கர் கேஸ் பேப்பரின் பின்னால்
ஒரு முக்கோணம் போட்டார்:
உச்சியில் மூக்குத்தண்டு, அடியில் உதட்டோரங்கள்.
இங்கிருந்து மூளையின் அடிவாரத்துக்குப் போகும் குழாய்களில்
கதவு கிடையாது என்றார்.
ரத்தம் முன்னாலும் போகும், பின்னாலும் போகும்.
அங்கே உறைந்துவிட்டது என்றார்.

எனக்குப் புரிந்தது.
கடல் ஏறுகிற நேரத்தில் மழை பிடித்தால்
எங்கள் சந்தில் அதுதான் நடக்கும்.
வெளியே போக வேண்டியது
உள்ளே வரும்.

மூக்கும் முழியுமா இருக்கா என்பார்கள் ஊரில்.
மூக்குக்கும் முழிக்கும் நடுவே
இப்படி ஒரு வழி இருப்பதை
யாரும் சொன்னதில்லை.

இருபத்து மூன்று நாள்.
சொட்டுச் சொட்டாக மருந்து, பிறகு வேறு மருந்து.
நாசரேத்திலிருந்து ரயிலேறி வந்த அவள் அம்மா
என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.
"நீ இல்லாட்டி எம் பிள்ள இல்லம்மா."
ஏதோ கிருமியாம் அத்தை, என்றேன்.
கையை உருவிக்கொள்ளத் தெரியவில்லை.
அதே விரல்கள்.

பிழைத்தாள்.
அந்தேரி வேலைக்கு வேறு யாரோ போய்விட்டார்கள்.
வலது கண் வலப்பக்கம் திரும்புவதில்லை.
ஒன்று அவளுக்கு இரண்டாகத் தெரிகிறது.
ஜி.டி.பி. நகர் பிளாட்பாரத்தில் இரண்டு ரயில் வருகிறது,
எதில் ஏறுவது என்று
ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு முடிவு செய்கிறாள்.
சில்லறை எண்ணும்போது பணக்காரி என்கிறாள்.

போன வாரம் பார்லரில் ஒரு கல்லூரிப் பெண்
மூக்கோரத்தைக் காட்டி, "எடுத்துவிடுங்க தீதி" என்றாள்.
கம்பியைக் கீழே வைத்துவிட்டேன்.
நளினி பென் எதுவும் சொல்லவில்லை,
சம்பளத்தில் சொல்வாள்.

அன்றிரவுதான் அவளிடம் சொன்னேன்.
அந்தக் கேள்வியை, என் பதிலை,
அத்தையிடம் சொன்ன பொய்யை.
மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.
இரண்டு மின்விசிறி.

பிறகு சொன்னாள்:
"தெரியும்டி.
எனக்கு நீ ரெண்டு பேரா இருக்க.
ஒருத்திகூட நான் பேசுறதில்ல.
இன்னொருத்திய டீ போடச் சொல்லு."

எந்தப் பக்கத்தவள் என்று கேட்கவில்லை.
எழுந்து போய்
தீக்குச்சியைக் கிழித்தேன்.